இடப்பக்கத்துத் துணி

உள்ளங்கையில் ஏந்தியிருந்த கோப்பையில் சூடு ஏறத் தொடங்கியதும் பல்லுக்காரர் வாயைத் திறந்தார். திட்டுவதற்குத்தான்.

"மாப்ள, கதைய அப்புறம் சொல்லுங்க. இது இருபது நிமிஷம்தான் தாங்கும். கல்லாப் போச்சுன்னா கோப்பைய தூக்கி உங்க தலையிலதான் கவுக்கணும்."

"கவுங்க மச்சான். முடியாவது ஒட்டி நிக்கும்," என்றார் தலையில் பாதி முடியை இழந்துவிட்டிருந்த மாப்பிள்ளை.

ரெசின் என்னும் பிசினையும் அதை இறுகச்செய்யும் ஹார்டனரையும் கலந்த கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. முதலில் கோப்பை வெறுமனே கனக்கும். பிறகு காய்ச்சல்காரன் நெற்றியைப்போல் மெல்லச் சுடும். அந்தச் சூட்டை உணர்ந்தும் கை தாமதித்தால், உள்ளே இருப்பது பிறகு எதற்கும் உதவாது. முப்பது ஆண்டுகளாகப் பல் மருத்துவமனைகளின் பின்னறைகளில் உட்கார்ந்து, முகம் பார்த்தறியாத மனிதர்களுக்கெல்லாம் ரெசின் குழைத்துப் பல் கட்டிக் கொடுத்தவருக்கு இந்தக் கடிகாரம் கைநாடியிலேயே ஓடும். தெருவே அவரைப் பல்லுக்காரர் என்றுதான் அழைத்தது. ஒரு பல்லைக்கூட அவர் பிடுங்கியதில்லை என்பதை அவரும் யாரிடமும் விளக்கிச் சொல்ல மெனக்கெட்டதில்லை.

அவருடைய ஒரே தங்கையின் கணவர்தான் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை. பகலெல்லாம் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறுகிற மனிதருக்கு, ஐம்பதை நெருங்கும்போது திறந்த வெளியில் போய்வர வேண்டும் என்று ஓர் ஆசை முளைத்தது. யாரோ ஒருவருடைய கொல்லையில் கவிழ்ந்து கிடந்த சிறிய பாய்மரப் படகைக் கொண்டுவந்து சேர்த்தார். உடம்பு நன்றாக இருந்தது. பாயும் தைத்தால் தேறும்போலிருந்தது. படகைத் திருப்பும் சுக்கான் மட்டும் உளுத்துப்போய், தொட்டால் தவிடாக உதிர்ந்தது. மரத்தில் ஒன்று செய்துகொண்டால் போதும் என்று படகுக் கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளை கேட்கவில்லை. நடுவில் ஃபோம், மேலே கார்பன் இழைத் துணி, அதைப் பிணைக்க ரெசின். தூக்கினால் தலையணை கனம், மிதித்தால் இரும்பு என்று எங்கோ படித்துவிட்டு வந்து நின்றார்.

"ரெசின் வேலையா? அதை உங்க கையில குடுத்தா படகு கரையேறின மாதிரிதான்," என்று பல்லுக்காரர் சொன்னார். மறுநாள் தம் சின்னத் தராசையும் எஃகுக் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

கார் நிறுத்தும் கொட்டகைதான் பட்டறை. ஃபோம் கட்டையின் இரு முனைகளிலும் மீனின் குறுக்குவெட்டுப் போன்ற ஒட்டுப்பலகை அச்சுகளை ஆணியடித்து, அந்த வடிவம் வரும்வரை நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தார்கள். வெள்ளைத் தூள் இருவரின் புருவத்திலும் படிந்தது. மாப்பிள்ளை பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரஸரைக் கழற்றி, காற்றை உறிஞ்சும் பம்பாக மாற்றியிருந்தார். ரெசின் தடவிய சுக்கானைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அதை ஓடவிட்டால், பை சுருங்கிப் போர்வைபோல் இறுகி, கார்பன் துணியை ஃபோமோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். பல்லுக்காரர் பம்பைச் சுற்றி வந்து பார்த்தார். "சத்தம் ஜாஸ்தி," என்றார்.

இருபது வருடமாக அப்படித்தான். தங்கை வீட்டு அலமாரி, மாடிப்படிக் கைப்பிடி, குழந்தை சிறியவளாக இருந்தபோது கட்டிய ஊஞ்சல் என்று மாப்பிள்ளை எதைச் செய்தாலும், முதலில் மைத்துனரைக் கூட்டிவந்துதான் காட்டுவார். பல்லுக்காரரின் கண் நேராகப் போய், எங்கே ஒரு நூலிழை விலகியிருக்கிறதோ அங்கே நிற்கும். அது கெட்ட எண்ணம் அன்று. அவருடைய தொழிலில் நூலிழை விலகினால் மனிதன் சோற்றை மெல்ல முடியாது. ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்தக் கண், அலமாரி வேறு, பல் வேறு என்று பிரித்தறியும் பழக்கத்தை விட்டுவிட்டது. மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். தங்கை மட்டும் சிரிக்கமாட்டாள்.

இந்த வேலையில் ஒரு துணி உண்டு. கார்பன் அடுக்கின் மேல் கடைசியாக அதைப் போர்த்துவார்கள். ரெசின் இறுகியதும், தோல் உரிப்பதுபோல் அதை உரித்தெடுத்தால், அடியில் சொரசொரப்பான பரப்புக் கிடைக்கும். அடுத்த அடுக்கு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உரிக்காமல் மேலே அடுக்கினால் ஒட்டியதுபோலவே இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. துணியோ வெள்ளை, ரெசினைக் குடித்தபின் கண்ணாடியாகிவிடும், கறுப்பின் மேல் அது கிடப்பதே தெரியாது. அதற்காகவே அதில் விரற்கடைக்கு ஒரு நீல நூல் ஓடவிட்டிருப்பார்கள். "நீலம் தெரியுதான்னு பாருங்க மாப்ள. நீலம் தெரிஞ்சா நிறுத்துங்க," என்று பல்லுக்காரர் தினமும் ஓதினார். உரிப்பது மாப்பிள்ளையின் வேலை. ரெசின் கலப்பது இவருடைய வேலை.

இடப்பக்கத்தில் இரண்டாம் சுற்று போட வேண்டிய நாளில் வானம் மூடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேல்பாதித் துணியை உரித்துக்கொண்டே கதை சொன்னார். அவருக்கு எந்த வேலைக்கும் ஒரு கதை வேண்டும். இல்லையென்றால் கை ஓடாது.

"ஒரு மீனோட தலைக்கும் வாலுக்கும் வழக்கு மச்சான். கண்ணு எங்கிட்ட இருக்கு, நான்தான் வழி காட்டறேன்னு தலை சொல்லுச்சு. நீ காட்டு, திருப்பறது யாருன்னு வால் கேட்டுச்சு. தலை சிரிச்சிருச்சு. வாலுக்கு ரோஷம் வந்துருச்சு. சரி, இன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணலன்னு அன்னிக்குப் பூரா சும்மா இருந்துச்சு..."

அவர் துணியை ஒரு வேகத்தில் இழுக்க, மறுகையிலிருந்த கத்தி சுக்கானின் மெல்லிய பின்விளிம்பில் ஒரு கீறல் போட்டது. நகக்கண் அளவு. பூசினால் மறைந்துவிடும். ஆனால் பல்லுக்காரரின் கையில் கோப்பை ஏற்கெனவே வெதுவெதுத்துக்கொண்டிருந்தது. துணி முழுவதும் உரிந்து முடியுமுன்பே அவர் ரெசினைக் கலந்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் கை எப்போது ஓயும் என்று தமக்குத் தெரியும் என்ற நினைப்பு.

"நிறுத்து! பட்டன அமுக்கினா மேல போறதுக்கு இது என்ன லிஃப்டா? மேல, கீழ, அத விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?"

இருபது வருடத்தில் ஒருநாளும் அவர் மாப்பிள்ளையை 'நீ' என்றதில்லை. சொல் வெளியே வந்து விழுந்த பிறகுதான், தங்கை இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வாசலில் நிற்பதைக் கண்டார். மாப்பிள்ளை கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார். கந்தலில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். கதையையும் முடிக்கவில்லை, துணியையும் முடிக்கவில்லை. மனைவியின் தோளோரமாக ஒதுங்கி வெளியே நடந்தார். தங்கை தேநீரை வைத்துவிட்டு, "அண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

ரெசின் கோப்பை சுடத் தொடங்கிவிட்டது. பல்லுக்காரர் கார்பன் துணியை விரித்தார். ரெசினை ஊற்றி உருளையால் தேய்த்தார். கோபமாக இருக்கும்போது அவர் கை எப்போதும் இன்னும் திறமையாக ஓடும். பத்தே நிமிடத்தில் ஒரு குமிழிகூட இல்லாமல் முடித்து, புதிய துணியைப் போர்த்தி, பையை மூடிப் பம்பை ஓடவிட்டார். இனி யார் வந்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று தம்மையே கேட்டுக்கொண்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றார். அவர் கோபம் அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டால் அவரைச் சங்கடப்படுத்துவதாக ஆகும் என்று பல்லுக்காரர் தமக்குத்தாமே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். வலப்பக்கம் முடிந்தது, பூசி, தேய்த்து, மூன்று முறை வார்னிஷ் அடித்தார்கள். இழைகளின் பின்னல் கறுப்புப் பட்டுப்புடவையின் கரைபோல் உள்ளிருந்து மின்னியது.

படகை நீரில் இறக்கும் நாளன்று காலையில் பல்லுக்காரர்தான் முதலில் வந்தார். பல் கட்டி முடித்ததும் கரண்டிக் காம்பால் தட்டிக் கேட்பது அவர் வழக்கம். குறையுள்ள பல் குரலில் காட்டிக்கொடுத்துவிடும். அதே வழக்கத்தில் சுக்கானையும் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக் என்று நெடுகிலும் துல்லியமான ஓசை. இடப்பக்கத்தில் பாதிக்குக் கீழே வந்ததும் ஓசை மாறியது. தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பதில் சொல்வதுபோல் ஒரு மந்தம். மறுபடி தட்டினார். மேலே டிக், கீழே அந்த மந்தம்.

மூலையில் குப்பைச் சாக்கு இன்னும் கட்டிக் கிடந்தது. அதைக் கவிழ்த்து, உரித்த துணிகளைத் தரையில் பரப்பினார். நீலக்கோடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, கட்டம் கட்டமாக அடுக்கினார். வலப்பக்கத்துக்கு எல்லாம் இருந்தன. இடப்பக்கத்தின் முதல் சுற்றுக்கு மேல்பாதி மட்டும் இருந்தது. கீழ்ப்பாதி இல்லை. சாக்கை உதறிப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் மேல் தாமே ஒரு குமிழியும் இல்லாமல் ரெசின் தேய்த்த அந்தப் பத்து நிமிடமும் நினைவுக்கு வந்தது.

"என்ன ணே தேடுற?"

தங்கை வாசலில் நின்றாள். தலையில் புதுத் தொப்பி.

"ஒண்ணுமில்ல. சும்மா தட்டிப் பார்த்தேன்." துணிகளைக் காலால் ஒதுக்கினார்.

இப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். தோலைச் சீவி எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது துணியைப் பற்றி மட்டுமாக இருக்கவில்லை. கலக்கக் கூடாத நேரத்தில் கலந்தது, பார்க்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லி ஓதிய நீலத்தைத் தாமே பார்க்காதது, அந்த 'நீ', எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக உரிந்து வந்திருக்கும். உள்ளே ஒட்டிய அடுக்குகள் இருக்கின்றனவே, படகு ஓடப்போகும் விரிகுடா குளம்போல் அமைதியாக இருக்கிறதே, அடுத்த மாதம் வேறு ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிச் சரிசெய்துவிடலாமே என்றெல்லாம் மனம் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது.

மாப்பிள்ளை உள்ளே வந்து சுக்கானை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார்; எங்கே நூலிழை விலகியிருக்கிறது என்று கேட்கும் அந்தப் பார்வை.

"இதையாவது நல்லாருக்குன்னு சொல்லேன் ணே. வாய் என்ன சுளுக்கிக்கவா போகுது?" என்றாள் தங்கை.

"நல்லாருக்கு மாப்ள," என்றார் பல்லுக்காரர். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

மாப்பிள்ளை சுக்கானைக் குழந்தையை இடுப்புக்கு மாற்றுவதுபோல் மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டியா? எழுதி வச்சிக்க. தேதி போட்டு எழுதி வச்சிக்க," என்று மனைவியிடம் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு வார்னிஷில் இல்லாத தூசியைச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. படகு சொன்ன பேச்சுக் கேட்டது. ஒவ்வொரு முறை தங்கையும் மாப்பிள்ளையும் பத்திரமாகத் திரும்பியபோதும் பல்லுக்காரருக்குச் சொல்வது இன்னும் தேவையற்றதாகவும், இன்னும் கடினமாகவும் ஆனது. நான்காம் வாரம் காற்று பலத்தது. திரும்பும் வழியில், சுக்கானின் இடப்பக்கக் கீழ்முனையில் கார்பன் தோல் கிளம்பியது. நீர் அதன் அடியில் விரலை விட்டு உரித்துக்கொண்டே மேலே போயிற்று. ஃபோம் நனைந்து நடுவில் முறிந்தது. சுக்கானின் பிடி மாப்பிள்ளையின் கையில்தான் இருந்தது. படகு யார் கையிலும் இல்லை. அது தானாகச் சுழன்றபோது, பாயின் அடிக்கட்டை ஒரு வீச்சில் குறுக்கே வந்து தங்கையின் முகத்தில் அடித்தது. ரோந்துப் படகு கயிறு கட்டி இழுத்துவரும்வரை அவள் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முன்பற்கள் இரண்டு போய்விட்டன. இன்னும் நாலு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கால்சட்டையில் உப்புக் கோடுகள் காய்ந்திருந்தன. பல்லுக்காரரைக் கண்டதும் எழுந்தார். மடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தார். நீலக்கோடு போட்ட துணி.

"உள்ள இருந்துச்சு மச்சான். நான் பாதியில விட்டுட்டுப் போனது. நீங்க எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க! ரோஷத்துல போனேனே, போறப்ப கீழ்த்துணி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? பொண்டாட்டி மூஞ்சிய ஒடச்சிட்டு வந்து நிக்கறேன்." அவர் துணியை மறுபடி சுருட்டினார். "நீங்க நல்லாருக்குன்னு வேற சொன்னீங்க. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

பல்லுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். வாய் திறந்தது. "விடுங்க மாப்ள, ஆனது ஆச்சு," என்ற சொற்கள்தாம் அதிலிருந்து வந்தன. பிறகு பல நாள் அந்தக் கை, தோளில் பட்ட கை, எங்கே வைத்தாலும் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

தங்கையின் பற்களை வேறு யார் கட்டுவது? ஈறு ஆறிய பிறகு, நிறம் பார்ப்பதற்காக அவள் அவருடைய பின்னறைக்கு வந்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்து, வரிசையாகப் பற்கள் பதித்த நிறப்பட்டையை அவள் உதட்டோரம் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பல் எதுவும் வெறும் வெள்ளை அன்று. வேரோரம் மஞ்சள், நுனியில் சாம்பல், நடுவில் பெயரில்லாத ஒரு நிறம். ஏழு வயதில் அவளுக்குப் பால்பல் விழுந்தபோது இதே இடைவெளியைப் பார்த்து அவர் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார். இப்போது அதற்குள் தெரிந்த இருட்டைப் பார்க்க முடியாமல் நிறப்பட்டையையே பார்த்தார். அவள் வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை. கண்கள் மட்டும் அவர் முகத்திலேயே இருந்தன. அவர் பட்டையை எடுத்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலையில கரண்டியால தட்டிப் பார்த்தியே," என்றாள். பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றாக வழுக்கின. "என்ன கேட்டுச்சு?"

பல்லுக்காரர் குறிப்பேட்டில் நிறத்தின் எண்ணை எழுதினார். எழுதிய எண்ணின் மேலேயே மறுபடி எழுதினார்.

"அவர் சரியா சாப்பிடறதில்ல. படகைக் குடுத்துடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன்." அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானா ஒண்ணும் சொல்லமாட்டேன் ணே. எனக்கு என்ன தெரியும்? தட்டினது நீ. கேட்டது நீ."

இரண்டு பற்களையும் அவர் பதினோரு நாள் செய்தார். மூன்று முறை உடைத்துவிட்டு மறுபடி செய்தார். பொருத்தியபோது எது பிறந்த பல், எது கட்டிய பல் என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை. தங்கை கண்ணாடியில் பார்த்து, "நல்லாருக்கு," என்றாள். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் கொட்டகைக்குப் போனார். வெளியிலேயே உப்புத்தாளின் ஓசை கேட்டது. அவசரமே இல்லாமல், மூச்சு விடுவதுபோல் ஒரே சீராக ஒரு தேய்ப்பு. கதை சொல்லும் குரல் இல்லை. உள்ளே புதிய சுக்கான் ஒன்று மேசைமேல் கிடந்தது; முதல் சுற்றுக் கார்பன் ஏறி, துணி உரித்து, இடப்பக்கம் மேலாக இருந்தது. சுவரில் லிஃப்ட் பரிசோதனை அட்டை ஒன்று தொங்கியது. கோடு போட்ட கட்டங்களில் மாப்பிள்ளையின் குண்டு எழுத்து. ஐந்தாம் வரியில், 'துணி முழுசா உரிச்சாச்சா? ரெண்டு பேரும் பார்க்கணும்.' இரண்டு கட்டங்களில் ஒன்றில் மட்டும் சரிக்குறி இருந்தது. அட்டைக்குப் பக்கத்தில், அந்தப் பழைய துணியை நான்கு மூலையிலும் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

"அதுவா? என் புத்திக்கு மச்சான். தினம் பார்த்தாத்தான் உறைக்கும்," என்றார் மாப்பிள்ளை. அவர் இளைத்திருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. நீலம் தெரியுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க."

பல்லுக்காரர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். முனையிலிருந்து முனைவரை சொரசொரப்பு. ஒரு நீல நூலும் இல்லை. பென்சிலை எடுத்து இரண்டாம் கட்டத்தில் குறி போட்டார். போட்ட பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

மாப்பிள்ளை மூலையில் தராசின் முன் குனிந்து, சொட்டுச் சொட்டாக அளந்து, கலக்கி, கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "புடிங்க. இப்பதான் கலந்தேன். துணிய வெட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"மாப்ள."

"ம்?"

"அந்த மீன் கதை. வால் சும்மா இருந்துச்சுன்னீங்களே. அப்புறம் என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை கத்தரியோடு திரும்பினார். வெகுநாளைக்குப் பிறகு முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "அடடா, அது முடியவே இல்லல்ல? எனக்கே மறந்துபோச்சு மச்சான். வேணும்னா நீங்க முடிச்சு வைங்க."

"முடிக்கிறேன்," என்றார் பல்லுக்காரர். "கத்தரியை வச்சிட்டு இப்படி உக்காருங்க."

மாப்பிள்ளை சிரிப்பு மாறாமல், கவிழ்த்த வாளியொன்றின் மேல் உட்கார்ந்தார். சுவரில் காற்றுக்குத் துணி சற்றே உப்பி அடங்கியது. பல்லுக்காரர் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அது வெதுவெதுக்கத் தொடங்கியிருந்தது.